ஒரு சுற்றுக்கு ஓர் அடி லாபம்

அன்புள்ள மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று எண்ணிக்கொண்டு எழுதுகிறேன். இங்கே உன் அம்மா நலம், அவள் முழங்கால் முன்னைவிட நலம், மாடியில் குடியிருக்கும் பல் டாக்டர் நலம், கார் மிகவும் நலம், நான் மட்டும் மனக்குறையோடு நலம். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் நான் போனில் பேசினால் உன் அம்மா பக்கத்தில் நின்றுகொண்டு ஒவ்வொரு வாக்கியத்துக்கும் திருத்தம் சொல்கிறாள், டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள் அல்லவா, அடுத்தவர் பேச்சின் நடுவில் நுழைவது கை வந்த கலை. கடிதத்தில் நுழைய முடியாது. நீ விமானம் ஏறுவதற்கு முன் இதை ஒரு வரி விடாமல் படித்துவிட வேண்டும், இறங்கியதும் நீ யாருடைய காரில் ஏறப்போகிறாய் என்பது இதில்தான் இருக்கிறது.

போன முறை நீ வந்தபோது விமான நிலையத்திலிருந்து உன்னை அழைத்து வந்தது உன் மாமா. பெற்றவன் நான் வீட்டு வாசலில் நின்றேன், உன் அம்மாவின் தம்பி உன்னை இறக்கிவிட்டுச் சாவியைச் சுழற்றிக்கொண்டு நின்றான். அதுகூடப் போகட்டும். அன்று சாயங்காலம் நீ குடும்பக் குழுவில் எழுதினாய், "மாமா பறந்து வந்துட்டார், கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள வீடு" என்று. நான் படித்தேன். படித்தேன் என்று உன்னிடம் இதுவரை சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன். இந்த முறை நீ வருகிறாய் என்று தெரிந்ததும் சாப்பாட்டு மேசையில் அவனே மறுபடியும் முந்திக்கொண்டான், "அத்தான், நீங்க போய்க் கூட்டிட்டு வந்தா அவ லீவு வழியிலயே முடிஞ்சிடும்" என்றான். உன் அம்மா அப்போது தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள், சிரித்த சிரிப்பில் தண்ணீர் மூக்கில் ஏறிவிட்டது, நான்தான் முதுகைத் தட்டினேன், தட்டும்போதே தீர்மானித்துவிட்டேன். இந்த முறை நான்தான் போவேன் என்றேன், என் வண்டியின் வேகத்தைக் கூட்டிக் காட்டுகிறேன் என்றேன். உன் அம்மா, "முதல்ல நான் உக்காந்து பாக்கறேன். அப்புறம் யார் போறதுன்னு சொல்றேன்" என்றாள். இந்த வீட்டில் மேல்முறையீடு கிடையாது என்று உனக்கே தெரியும்.

வேகத்தைக் கூட்டுவது எப்படி என்று நான் யாரிடமும் போய்க் கேட்கவில்லை. பேண்ட் வெட்டிப் பிழைத்தவன் நான், அளவு என்றால் என்ன என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். டயர் ஒரு முறை சுற்றினால் வண்டி எவ்வளவு தூரம் நகரும், டயரின் இடுப்பளவு எவ்வளவோ அவ்வளவு. டேப்பை எடுத்துப் போய் நம் கார் டயரின் இடுப்பைச் சுற்றி அளந்தேன், எழுபத்து நாலு அங்குலம். மெக்கானிக் கொட்டகையில், மூடிப்போன சலவைக் கம்பெனியின் டெலிவரி வேன் ஒன்று நிற்கிறது, அதன் டயரை அளந்தேன், எண்பத்தாறு. அப்படி ஓர் இடுப்புக்கு நான் துணி வெட்டியதே இல்லை. பன்னிரண்டு அங்குலம் வித்தியாசம், அதாவது என்ஜின் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்க, ஒரு சுற்றுக்கு ஓர் அடி லாபம். இதை உன் அம்மாவுக்குப் புரியவைக்கச் சமையலறையிலிருந்து சின்னப் பாத்திரத்தின் மூடியையும் பெரிய பாத்திரத்தின் மூடியையும் எடுத்து, ஓரத்தில் சாக்பீஸ் புள்ளி வைத்து, நடையில் ஆளுக்கு ஒரு சுற்று உருட்டிக் காட்டினேன். பெரிய மூடி ஒரு சுற்றில் நிற்காமல் வாசல் வழியாகப் படியிறங்கி பல் டாக்டரின் ஸ்கூட்டரில் போய் மோதியது. கொள்கை நிரூபணமாகிவிட்டது, மூடிதான் நசுங்கிவிட்டது, நீ வரும்போது அந்த அளவில் ஒன்று கிடைத்தால் வாங்கி வா, விட்டம் தனியாக எழுதி அனுப்புகிறேன்.

உன் மாமாவிடம் இதைப் பேசிப் பயனில்லை. அவன் வைத்திருப்பது முன்சக்கரம் இழுக்கிற வண்டி, என்ஜின் தண்டு பின்னால் போய்ப் பல்சக்கரத்தைத் திருப்புகிற சமாசாரமே அதில் இல்லை, அவனோடு பின் அச்சைப் பற்றி என்ன பேச. மெக்கானிக்கிடம் போனேன். நீ பார்த்திருப்பாய், எதைச் சொன்னாலும் "சரிங்க, சரிங்க" என்பான், தெருவில் அவனுக்குச் சரிங்க என்றே பெயர். வேன் டயர் நாலையும் நம் வண்டிக்குப் போடு என்றேன், வண்டியும் வேனும் ஒரே கம்பெனி என்பதால் பொருந்தும். அவன், "சார், இழுவை கொஞ்சம் குறையும், மேட்டுல மூச்சு வாங்கும்" என்றான். எனக்கும்தான் மூச்சு வாங்குகிறது, நான் மேடு ஏறவில்லையா, நீ போடு என்றேன். "சரிங்க" என்றான். இன்னொன்றும் சொன்னான், அது நல்ல தகவல். வேகம் காட்டும் முள் கியர்பெட்டியிலிருந்து வரும் தண்டின் சுற்றைத்தான் எண்ணுகிறதாம், வெளியே என்ன டயர் மாட்டியிருக்கிறது என்று அதற்குத் தெரியாதாம், அதனால் பெரிய டயர் போட்டால் முள் குறைத்துக் காட்டும், நாம்தான் ஆறில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ள வேண்டும். எனக்குக் கூட்டல் தெரியும் என்றேன். மட்கார்டின் ஓரத்தைக் கொஞ்சம் வெட்ட வேண்டியிருந்ததால் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். விட்டுவிட்டு வந்ததுதான் வினை.

வண்டி திரும்பி வந்த மறுநாள் உன் அம்மாவை உட்காரவைத்து விமான நிலையச் சாலையில் ஓட்டிக் காட்டினேன். வண்டி உயரமாகிவிட்டதால் அவள் ஏறுவதற்கு ஸ்டூல் போட்டேன், அந்த ஸ்டூலை மறக்காமல் டிக்கியில் வைத்தேன், இறங்கவும் வேண்டும் அல்லவா. மூன்றாவது கியரில் முழு மூச்சாக விட்டேன். முள் நாற்பத்தெட்டைக் காட்டியது. நான் மனதுக்குள் எட்டு கூட்டி, ஐம்பத்தாறு, பறக்கிறது பார்த்தாயா என்றேன். உன் அம்மாவும் எட்டிப் பார்த்து, முகமெல்லாம் மலர்ந்து, "ரொம்ப நல்லா அடங்கிப் போகுதுங்க" என்றாள். எனக்குப் புரியவில்லை, ஆனால் பாராட்டு வருகிறபோது குறுக்கே பேசக் கூடாது என்று விட்டுவிட்டேன். கோழி ஏற்றிய லாரி ஒன்று எங்களைத் தாண்டிப் போனது, பள்ளிக்கூட வேன் தாண்டிப் போனது, அதில் இருந்த பிள்ளைகள் கையசைத்தார்கள், நாங்களும் அசைத்தோம். எங்களுக்குக் கல்யாணமான இத்தனை வருடத்தில் ஒரு கார் பயணத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்தாற்போல் சந்தோஷமாக இருந்தது அன்றுதான். வீட்டு வாசலில் ஸ்டூலில் இறங்கி நின்று உன் அம்மா தீர்ப்புச் சொன்னாள், "வண்டி இப்பதான் சரியா இருக்கு, நீங்களே போய்க் கூட்டிட்டு வாங்க" என்று.

அத்தோடு நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் இந்தக் கடிதம் ஒரு பக்கத்தில் முடிந்திருக்கும். ஆனால் நாய் ஒன்று இருக்கிறதே. பேக்கரி மூலையில் இருக்கும் பழுப்பு நாய் உனக்கு நினைவிருக்கும், தெருவில் எத்தனை வண்டி போனாலும் நம் காரை மட்டும்தான் துரத்தும். பேக்கரியில் தொடங்கி, மருந்துக்கடை வாசலில் களைத்து நின்றுவிடும், வருடக்கணக்காக அதே இடம். நம் வண்டி வேகமாகியிருந்தால் அது முன்னதாகவே கைவிட்டிருக்க வேண்டும் அல்லவா. அன்று திரும்பி வரும்போது கண்ணாடியில் பார்த்தேன், மருந்துக்கடை வாசலில்தான் நின்றது. உன் அம்மாவிடம் சொன்னேன், "இன்னிக்கு அது நல்லா சாப்பிட்டிருக்கும், விடுங்க" என்றாள். மறுநாளும் ஓட்டிப் பார்த்தேன், மருந்துக்கடை. அதற்கடுத்த நாள், மருந்துக்கடை. உன் மாமா பொய் சொல்லலாம், முள் பொய் சொல்லலாம், அந்த நாய்க்கு என் விஷயத்தில் பொய் சொல்ல ஒரு காரணமும் இல்லை. ஒரு சுற்றுக்கு ஓர் அடி எங்கே போகிறது என்று எனக்குத் தூக்கம் போய்விட்டது.

டயரை மறுபடி அளந்தேன், எண்பத்தாறு சரியாக இருந்தது. அப்படியானால் கசிவு உள்ளே இருக்கிறது. நம் வண்டியில் கியர்பெட்டியிலிருந்து வரும் நடுத்தண்டு நாலு சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று சுற்றும், பின் அச்சுக்குள் இருக்கும் சின்னப் பல்சக்கரத்தில் ஒன்பது பல், பெரியதில் முப்பத்தைந்து, வண்டியோடு வந்த புத்தகத்தை நான் கதைப்புத்தகம் போலப் படித்திருக்கிறேன். சரிபார்க்க வழி இருக்கிறது. ஒரு பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மற்றதற்குக் கல் கொடுத்து, நியூட்ரலில் போட்டு, தூக்கிய சக்கரத்தை இரண்டு சுற்று சுற்ற வேண்டும், நடுத்தண்டு எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுதான் கணக்கு. ஒரு சக்கரம் மட்டும் சுற்றும்போது இரண்டு சுற்றுதான் ஒரு சுற்றுக் கணக்கு, ஏன் என்று கேட்காதே, கேட்டால் இன்னும் இரண்டு பக்கம் எழுதுவேன். நான் தண்டில் சாக்பீஸ் கோடு போட்டுவிட்டு அடியில் படுத்துக்கொண்டேன், சக்கரத்தைச் சுற்ற ஆள் வேண்டுமே, உன் அம்மாவைக் கூப்பிட்டேன். வரமாட்டேன் என்று இருபது காரணம் சொன்னவள் கடைசியில் வந்து சுற்றினாள். நான் எண்ணினேன், ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, அதற்கு மேலும் அரை. மறுபடி சுற்றச் சொன்னேன், மறுபடி நாலரை. மேலேயிருந்து, "நாலுதாங்க இருக்கும், வெளில வாங்க, முதுகு பிடிச்சுக்கும்" என்றாள். நாலரை என்றேன். "அரைக்கெல்லாமா ஒரு மனுஷன் தரையில கிடப்பாரு" என்றாள். அரை அங்குலத்தில்தான் ஒருவன் பேண்ட் இடுப்பில் நிற்பதும் நடுத்தெருவில் கழன்று விழுவதும் இருக்கிறது, அந்த அரைக்காகத்தான் என்னிடம் வரிசையில் நின்றார்கள் என்று அடியிலிருந்தே சொன்னேன். மேலே சக்கரத்திலிருந்து அவள் கை விலகியது. உன் அம்மா பாதி வேலையில் கையை எடுக்கிறாள் என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா. தலையை வெளியே நீட்டிப் பார்த்தேன். முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே, "நான்தான் மாத்தச் சொன்னேன். நீங்க என்னைக் கேட்டுட்டா டயர் மாத்தினீங்க" என்றாள்.

நடந்தது இதுதான். நான் வண்டியை விட்டுவிட்டு வந்த அன்றே இவள் மெக்கானிக்குக்குப் போன் போட்டிருக்கிறாள். "அவர் பாட்டுக்கு வேகத்தைக் கூட்டிக்கிட்டு யார் மேலயாவது ஏத்திடப் போறாரு, சத்தம் எவ்வளவு வேணும்னாலும் வரட்டும், வேகம் மட்டும் வரக் கூடாது, அதுக்கு வழி இருக்கா" என்று கேட்டிருக்கிறாள். அவனும் "சரிங்க" என்று, அதே சலவைக் கம்பெனி வேனின் பின் அச்சிலிருந்து பல்சக்கர ஜோடியைக் கழற்றி நம் வண்டியில் போட்டுவிட்டான். அதில் சின்னதுக்கு ஒன்பது பல், பெரியதுக்கு நாற்பத்தொன்று. என்ஜின் கூடுதலாகச் சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று வரும், இழுவை கூடும், வேகம் குறையும், துணி ஏற்றுகிற வண்டிக்கு அப்படித்தான் வைப்பார்கள். முள் கூட்டிக் காட்டும், நீங்கள் குறைத்துக்கொள்ளுங்கள் என்று அவளுக்கும் தனியாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறான். பார், அன்று ஒரே காரில் ஒரே முள்ளைப் பார்த்துக்கொண்டு நான் எட்டைக் கூட்டிக்கொண்டு போகிறேன், பக்கத்தில் உன் அம்மா ஏழைக் கழித்துக்கொண்டு வருகிறாள். நான் ஐம்பத்தாறில் போகிறேன், அவள் நாற்பத்தொன்றில் வருகிறாள், கார் வழக்கம்போல நாற்பத்தெட்டில் போகிறது. அவள் போட்ட பல்சக்கரம் குறைத்ததும் நான் போட்ட டயர் கூட்டியதும் நேருக்கு நேர் கழிந்துபோய்விட்டது. உண்மை தெரிந்தது நாய்க்கு மட்டும்தான்.

மெக்கானிக்கை வரவழைத்தேன். உன் மாமாவை யாரும் வரவழைக்கவில்லை, அவனாகவே வந்தான். ஏனப்பா இப்படிச் செய்தாய் என்றேன். அவன் கொஞ்சமும் கூசாமல், "சார் வேகம் வேணும்னீங்க, சரின்னேன். அம்மா வேகம் வேணாம்னாங்க, சரின்னேன். ரெண்டு பேருக்கும் சொன்ன வேலையைச் செஞ்சிருக்கேன், ரெண்டு பேரும் சந்தோஷமாத்தானே ஓட்டிட்டு வந்தீங்க" என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை என்று நினைத்துவிடாதே, இருந்தது, ஆனால் அதற்குள் அவன் வண்டியை எடுத்துக்கொண்டு ஒரு சுற்றுப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பிவிட்டான். திரும்பி வந்தவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "சார், கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க. நாலாவது கியர் கடையில இருந்து வந்த அன்னிக்கு இருந்த மாதிரி இறுக்கமா இருக்கு. நீங்க அதைப் போட்டதே இல்லையா" என்றான். உன் மாமா அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான், சிரிக்க முடியாமல் சிரித்தான். "அத்தான், உங்க பொண்ணு காலேஜ் சேந்த வருஷம் வாங்கின வண்டி. அவ படிச்சு, வேலைக்குப் போயி, கல்யாணம் ஆகி வெளிநாடும் போயிட்டா. நீங்க இன்னும் மூணாவதுலயே இருக்கீங்களா" என்றான்.

இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று நீயே சொல். நாலாவது கியர் இருப்பது எனக்குத் தெரியாமல் இல்லை. பெரிய டயர் செய்கிற வேலையை அது டயரைவிட நன்றாகச் செய்யும் என்பதும் தெரியாமல் இல்லை, எல்லாம் தண்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் உள்ள ஒரே கணக்குத்தான். நான் அதை வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். என் கையால் தைத்த கல்யாணக் கோட்டு இன்னும் அலமாரியில் மடிப்புக் கலையாமல் இருக்கிறது, அதைப் போட்டுக்கொண்டு காய்கறி வாங்கப் போகிறேனா. தினசரிக்கு மூன்றாவது, நாலாவது ஒரு நல்ல நாளுக்கு. இவர்கள் எல்லோரும் வண்டி வாங்கிய அன்றே நாலு கியரையும் போட்டுத் தேய்த்துவிட்டு, பிறகு கியர்பெட்டி கரகரக்கிறது என்று மெக்கானிக் வாசலில் நிற்கிறவர்கள். இதை அவர்களிடம் சொன்னேன். மெக்கானிக் மட்டும் "சரிங்க" என்றான்.

கடைசியில் உன் அம்மா எல்லோரையும் உட்காரவைத்து முடிவு சொன்னாள். டயரும் அப்படியே இருக்கட்டும், பல்சக்கரமும் அப்படியே இருக்கட்டும், ஒன்றை மட்டும் பழையபடி மாற்றினால் ஒரு ஆள் ஜெயித்ததாக ஆகிவிடும் என்றாள். நான் அரைகுறையாக ஒப்புக்கொண்டேன். இன்னொரு சிக்கலை மெக்கானிக் சொன்னான், டிக்கியில் பாரம் ஏற்றினால் பின்பக்கம் தாழ்ந்து பெரிய டயர் மட்கார்டில் உரசும் என்று. உடனே உன் மாமா, "அப்ப நான் போறேன்" என்று எழுந்தான். உன் அம்மா அவனை உட்கார் என்றாள். நீ என் காரில் வருவாய், உன் பெட்டிகள் அவன் காரில் வரும். "பெட்டி எனக்கு, பொண்ணு அவருக்கா" என்று கேட்டுவிட்டு அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன், வழி முழுக்க அவன் எனக்குப் பின்னால்தான் வர வேண்டும், முந்தக் கூடாது. அவனுக்கு அது சாப்பாட்டில் உப்பைக் குறைத்த மாதிரி இருந்திருக்கும், ஆனாலும் அக்கா முன்னால் என்ன செய்வான், ஒப்புக்கொண்டான். இதுதான் இறுதி ஏற்பாடு. அவன் உனக்குத் தனியாகப் போன் செய்து நடுவழியில் வண்டி மாறிக்கொள் என்று சொன்னால், சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிடு.

இனி எழுதப்போவது உன் அம்மாவுக்குத் தெரியாது. அவள் மாடியில் பல் டாக்டர் வீட்டில் இருக்கிறாள். நேற்றுக் காலை காரை வாசலிலேயே நிறுத்தி, என்ஜினை அணைத்துவிட்டு, கிளட்சை மிதித்து நாலாவது கியரைப் போட்டுப் பார்த்தேன். மெக்கானிக் சொன்னது நிஜம்தான், புதுப் பொத்தான்துளை மாதிரி இறுக்கமாக இருந்தது. போட்டு எடுத்து, போட்டு எடுத்து, இப்போது ஒரு மாதிரி படிகிறது. இன்று காலையும் உட்கார்ந்து பழகினேன். விமான நிலையத்திலிருந்து வெளியே வந்ததும் அந்த நீண்ட நேர்ச்சாலை இருக்கிறதே, அதில் போடலாம் என்றிருக்கிறேன். நான் எதுவும் சொல்லமாட்டேன், என்ஜின் சத்தம் திடீரென்று தணிந்தால் நீ பயந்துவிடாதே, வண்டி நின்றுபோகவில்லை, அதுதான் நாலாவது. உன் மாமா பின்னால் வருவான், பார்த்துக்கொள்ளட்டும்.

போட்டோவில் மாப்பிள்ளையின் பேண்ட் நீளம் இரண்டு அங்குலம் அதிகம், தரையைத் துடைக்கிறது, அதை எடுத்து வந்தால் மடித்துத் தைத்துத் தருகிறேன், அங்கே யாரிடமும் கொடுக்காதே. குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. பெட்டியில் பாரத்தைக் குறைக்காதே, தாராளமாகக் கொண்டு வா, அது உன் மாமா வண்டியில்தானே வரப்போகிறது. நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் நிறைவாக வாழ வேண்டும், நீங்கள் எடுத்த காரியமெல்லாம் கைகூட வேண்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. வீட்டுக்கு வந்து இறங்கியதும், கைகால் கழுவுவதற்கு முன்னால், குடும்பக் குழுவில் "அப்பா பறந்து வந்துட்டார்" என்று எழுது. முள்ளில் என்ன காட்டியது என்று எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
விமான நிலைய வாசலில் இடதுபக்கத் தூணருகே, கையில் ஸ்டூலோடு நிற்கப்போகும்
உன் அப்பா